கூடை போடுகிறவள்

ஜெயக்கொடிக்கு வலி இடுப்பில் ஆரம்பித்து வலது குதிகாலில் போய் முடியும். காலையில் பாயை விட்டு எழ ஒருக்களித்துப் படுத்து, முட்டியை ஊன்றி, சுவரைப் பிடித்து, மூன்று தவணையாகத்தான் எழுவாள். பதினோரு வருஷம் பார்சல் தூக்கிய இடுப்பு. துணி துவைக்கிற மெஷின், நாய்த்தீனி மூட்டை, பணக்காரப் பிள்ளைகள் உடம்பு ஏற்றத் தூக்கும் இரும்புக் குண்டு எல்லாம் அந்த இடுப்பைத் தாண்டித்தான் ஊரார் வீட்டுக்குப் போனது. ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் குடோனில் அலமாரியிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்க இயந்திரக் கைகள் வந்து வருஷக்கணக்காகிறது. லாரிக்குள் குனிந்து அடுக்க மட்டும் மனுஷ முதுகுதான் மலிவு என்று கம்பெனி விட்டுவைத்திருந்தது.

அந்த முதுகுக்கும் இப்போது கெடு. நாற்பது வயது தாண்டியவர்கள் வருகிற முதல் தேதியிலிருந்து இடுப்புச் சட்டம் மாட்டாமல் உள்ளே வரக்கூடாது. இடுப்பிலும் தொடையிலும் பட்டை இழுத்துக் கட்டுகிற, மோட்டார் வைத்த சட்டம் அது. குனிந்தால் தாங்கும், நிமிரும்போது தூக்கிவிடும். குடோனில் அதற்கு முதுகு என்றே பேர். முதுகு வாங்கிட்டியா என்று கேட்டுக்கொள்வார்கள். முதுகுக்கு சார்ஜ் போட மறந்துட்டேன் என்பார்கள். கம்பெனி அதைத் தராது. அவரவர் ஆன்லைனில் வாங்கிக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசர் ஞானவேல் அதை அறிவித்தபோது கூட்டத்தில் ஒருத்தி, சம்பளத்தையும் நாங்களே போட்டுக்கணுமா சார் என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

ஜெயக்கொடிக்கு நாற்பத்து மூன்று. மகள் கள்ளக்குறிச்சியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வேலை போனால் படிப்பும் போகும். மூன்று வருஷமாக யாருக்கும் சொல்லாமல் நாற்பதாயிரத்துச் சொச்சம் சேர்த்து வைத்திருந்தாள். எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒருத்தியிடம் காசு இருக்கிறது என்று தெரிந்தால் அப்புறம் அது அவள் காசாக இருக்காது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கக்கூஸ் சுவருக்குப் பின்னால் போய் நின்று, போனில் தானாகவே முதுகு தேடினாள். இன்று மட்டும் முப்பத்தெட்டாயிரம் என்று ஒரு கடை காட்டியது. பணம் கட்டும் இடத்தை அழுத்தினாள். இப்போது முடியவில்லை, பிறகு முயலவும் என்று வந்தது. தகரக் கூரைக்கடியில் டவர் ஒழுங்காகக் கிடைக்காது. இன்னும் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள். அதற்குள் சைரன் ஊதிவிட்டது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். டவர்தான் காரணம் என்று அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மெசேஜ் வந்தது.

உங்கள் கார்டில் பணம் செலுத்த வேறொருவர் மூன்று முறை முயன்றார். தடுத்துவிட்டோம். உங்கள் பாதுகாப்பு கருதி மற்ற விவரங்கள் இதில் தரப்படமாட்டா.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். சலோமி என்கிற திருக்கோவிலூர்ப் பெண் தலை சீவிக்கொண்டே போனை வாங்கிப் படித்தாள். இந்த மாதிரி விஷயங்களில் அறைக்கு அவள்தான் போலீஸ்.

"அதுல இருக்கிற லிங்க்க தொட்டுடாதக்கா. தொட்டா போச்சு. அவன் குடுக்கிற நம்பருக்கும் பேசாத. கார்டுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்குல்ல, அதுக்கு நாமளே போடுவோம்."

போட்டார்கள். மெசேஜ் பேங்கு அனுப்பியதுதான் என்று அந்தப் பக்கத்து இயந்திரக் குரல் உறுதி சொன்னது. விவரம் வேண்டுமானால் கவுண்டருக்கு நேரில் வர வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னது: முயன்றவர் உங்கள் போனிலிருந்தே முயன்றிருக்கிறார்.

சீப்பு சலோமி தலையிலேயே நின்றது. ஜெயக்கொடியின் போன் அறையை விட்டுப் போனால் குடோனுக்குப் போகும், குடோனை விட்டு வந்தால் அறைக்கு வரும். அதன் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஜெயக்கொடி. இன்னொருத்தி வேதவல்லி.

அது எப்படி என்றால், அந்த அறையில் கார்டு ஒன்றுதான். மற்ற ஏழு பேரும் காண்ட்ராக்டர் பேரில் வேலை பார்த்தார்கள். அவர்கள் சம்பளக் கணக்கில் கார்டு கிடையாது. ஜெயக்கொடிக்கு மட்டும் கம்பெனிப் பேரிலேயே வேலை, அதனால் கார்டு. ஆகவே ஆறு வருஷமாக ஞாயிறு தோறும் எட்டுப் பேர் சாமானையும் சேர்த்து ஒரே ஆர்டர். அதற்குக் கூடை போடுவது என்று பேர். அவரவர் பங்கை அன்றைக்கே ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். இடுப்பு வலியில் ஜெயக்கொடி படுத்துக்கொள்ள, போனைப் பிடித்துக் கூடை போடுகிறவள் வேதவல்லி. செய்யாறு பக்கத்துக்காரி, முப்பத்தாறு வயது. வாயிலிருந்து வார்த்தை வராது. கடைக்காரன் முகவரி இருக்கிறதா, திருப்பி அனுப்பினால் வாங்குவானா, பழைய ஆட்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எல்லாம் பார்ப்பாள். பார்த்துவிட்டு, காலையில வாங்கிக்கலாம் என்று வைத்துவிடுவாள். சீயக்காய்ப் பாக்கெட்டுக்கு இத்தனை விசாரணையா என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். ஆறு வருஷத்தில் ஒரு ரூபாய் ஏமாந்ததில்லை.

அந்த வேதவல்லிதான் போன வாரம் ஜெயக்கொடியிடம் தனியாக வந்து, முதுகு வாங்கலியாக்கா, பணம்தான் இருக்கே என்று கேட்டிருந்தாள். இருக்கே. அந்தச் சொல் இப்போது முள்ளாகக் குத்தியது. தன் கணக்கில் பணம் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஞாயிறும் பார்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பத்து நாளாக வராண்டாவுக்குத் தனியாகப் போய்த் தன் போனில் யாருடனோ குசுகுசு என்று பேசுகிறாள். எல்லாம் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டது.

"நீதான எடுத்த?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

வேதவல்லி சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தாள். "இன்னா எடுத்தன்?"

"எங்கிட்ட பணம் இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். பூட்டும் உனக்குத்தான் தெரியும்."

வேதவல்லி குனிந்து தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள். அந்தக் குனிவை, அவள் ஒப்புக்கொண்டதாக ஜெயக்கொடி எடுத்துக்கொண்டாள். வேதவல்லியின் பையை இழுத்து, ஜிப்பைத் திறந்து, ஆறு பேர் பார்க்கத் தலைகீழாகக் கொட்டினாள். இரண்டு புடவை, ஒரு நைட்டி, காதுக்குப் போடுகிற மருந்து, செம்புக் கம்பியால் வார் தைத்த ஒரு ஜோடிச் செருப்பு. கார்டுத் திருட்டைப் பைக்குள் தேடினால் என்ன கிடைக்கும். அது ஜெயக்கொடிக்கும் தெரியும். கை கேட்கவில்லை. திருட்டு நாயி என்று வாயும் சொல்லிவிட்டது.

வேதவல்லி கீழே உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். யாரும் குனிந்து உதவவில்லை. ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆறு பேர் முன்னாடி சொல்லிட்டக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கே வல்லத்தில் இருந்த சித்தி மகள் அறைக்குப் போய்விட்டாள். குடோனிலும் ஒன்பதாம் வாசல் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை அரைநாள் சம்பளத்தை விட்டு ஜெயக்கொடி பேங்கு கவுண்டருக்குப் போனாள். இளம்பரிதி என்று சட்டையில் பேர் குத்திய பையன் உட்கார்ந்திருந்தான். திருடியின் பேரை எழுதிக் கொடுத்துவிடுவது என்ற முடிவோடு போயிருந்தாள். அவன் அவசரப்படவில்லை. கேஸ் எழுதுவதற்கு முன்னால் கார்டு நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றான். உங்கள் போனிலேயே ஒரு சோப்பு வாங்குங்கள், பணம் பிறகு திரும்பி வந்துவிடும் என்றான்.

அவள் சோப்பைத் தேடினாள். முதலில் கண்ணில் பட்டதை அழுத்தினாள். பணம் கட்டப் போனாள். இப்போது முடியவில்லை, பிறகு முயலவும். பேங்குக்குள்ளேயே டவர் இல்லையா என்று கேட்டாள். பையன் தன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"நீங்க யாரு?"

கார்டில் இருக்கிற பேரைச் சொன்னாள். ஆதாரைக் கேட்டான். விரலைக் கேட்டான், முகத்தைக் கேட்டான். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது ஜெயக்கொடிக்குத் தானே எதையோ திருடிவிட்டு நிற்பதுபோல் இருந்தது. வாசலில் காவலுக்கு நின்றவர் இரண்டடி உள்ளே வந்து நின்றார். எல்லாம் பொருந்திய பிறகு பையன் மூச்சை விட்டான்.

"ஆளு நீங்கதாம்மா. ஆனா வாங்குறவங்க நீங்க இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். முன்னே எல்லாம் ரகசிய நம்பர் இருந்தது, போனுக்கு ஆறு இலக்கம் வரும். திருடர்கள் பேச்சுக் கொடுத்தே அதைக் கறந்துவிடுவார்கள். எத்தனை குடும்பம் போச்சு. அதனால்தான் சாயல் வந்தது. கறந்துகொண்டு போக நம்பரே கிடையாது. நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள் என்பதையே மெஷின் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிக்கொள்ளும். விரல் போகிற வேகம், எதை முதலில் பார்க்கிறீர்கள், விலையைக் கண்டதும் எவ்வளவு நேரம் தயங்குகிறீர்கள், எல்லாம். அந்தச் சாயலில் இல்லாத ஆள் கட்டப் போனால் நிறுத்திவிடும்.

"முகத்தை வச்சு ஏமாத்தலாம், குரலை வச்சு ஏமாத்தலாம். பழக்கத்தை வச்சு ஏமாத்த முடியாதும்மா."

"அப்ப மூணு தரம் யாரு கட்டப் பாத்தது?"

அவன் தேதியைப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று பத்து, ஒன்று பன்னிரண்டு, ஒன்று பதின்மூன்று. இடுப்புச் சட்டம் ஒன்று, முப்பத்தெட்டாயிரம்.

கக்கூஸ் சுவர் அவள் கண்முன் வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் வலி ஒருதரம் ஓடி நின்றது.

"மெஷினுக்குத் தெரிஞ்ச ஜெயக்கொடி எப்படி இருப்பான்னு சொல்லுப்பா," என்றாள்.

சொல்லக்கூடாது என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு படித்தான். அந்த ஜெயக்கொடி எதையும் உடனே வாங்கமாட்டாள். முதலில் கடையின் முகவரியைப் பார்ப்பாள். குறை சொல்லி எழுதியதை மட்டும் படிப்பாள். கூடையில் போட்டு ஒரு ராத்திரி விடுவாள். காலை ஐந்தரைக்குத் திறந்து, விட்டுப்போன ஏதோ ஒரு சின்னச் சாமானைச் சேர்ப்பாள். வலித்தைலம், இருமல் மருந்து, அந்த மாதிரி. அதைச் சேர்த்ததும் ஒரு பொருளை வெளியே எடுத்துவிடுவாள்.

"எப்பவும் ஒரே பொருள். ஆறாம் நம்பர் செருப்பு, பழுப்புக் கலர். நாலு வருஷமா கூடையில போடுறீங்க, எடுக்குறீங்க. ஒரு தரம்கூட வாங்கல. உங்க சாயல்லயே அதுதான் ரொம்ப உறுதியான கோடுன்னு காட்டுது. ஆமா, ஏம்மா வாங்கல?"

ஜெயக்கொடி குனிந்து தன் காலைப் பார்த்தாள். எட்டாம் நம்பர் கால். வலித்தைலம் அவளுடையது. ஞாயிறு சாயங்காலம் சொல்ல மறந்துவிட்டு, காலையில், வேதா, தைலம் தீந்துபோச்சுடி என்பாள். போட்டுட்டன்க்கா, காசு அப்பறம் குடு என்று வேதவல்லி சொல்வாள். அப்புறம் என்பது பல ஞாயிறுகளில் வரவே இல்லை.

வேறு ஆள் வாங்கினது என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டாள். பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதை இங்கே சொல்லாதீங்க, நான் எழுத வேண்டியிருக்கும் என்றான். கார்டை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதினால் கார்டு ரத்து. எழுதாவிட்டால் மெஷின் அவள் கையைப் புதிதாகப் பழக நூற்றெண்பது நாள், அதுவரை அவள் கையால் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எதுவும் வாங்க முடியாது. பழைய சாயலில் கட்டினால் மட்டும் வரம்பு இல்லை.

"எட்டுப் பேருக்கு ஒரு கார்டு சார்," என்றாள். பையன் என்பதை மறந்து சார் வந்துவிட்டது.

முதல் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் ஒன்பதாம் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஜெயக்கொடி காத்திருந்தாள். வேதவல்லி வந்தாள். கம்பி தைத்த செருப்பு. ஜெயக்கொடி டீ சொன்னாள். அவள் குடிக்கவில்லை. பேங்கில் நடந்ததை ஒன்று விடாமல் ஜெயக்கொடி சொன்னாள், செருப்பை மட்டும் விட்டுவிட்டு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீதான் கூடை போடணும்."

"திருடி கையில போனக் குடுப்பியா?"

ஜெயக்கொடி போனை நீட்டினாள். வேதவல்லி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஜெயக்கொடி பார்த்த கடையைத் திறந்தாள். கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தாள். மேலே வந்தாள். மறுபடி கீழே போனாள்.

"இதுக்கு முகவரியே இல்லியேக்கா. போன மாசம்தான் தொறந்திருக்கான். பணம் மட்டும் போயிருந்தா முதுகும் வந்திருக்காது, காசும் வந்திருக்காது."

மூன்று வருஷக் காசு. தடுத்தது மெஷின். மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது இவள்.

வேதவல்லி வேறு கடை பிடித்தாள். ஆயிரம் ரூபாய் கூட, ஆனால் பட்டறை எங்கே இருக்கிறது என்பதுவரை போட்டிருந்தான். கூடையில் போட்டாள். உடனே கட்டிவிடு என்றாள் ஜெயக்கொடி. வேதவல்லி தலையாட்டினாள்.

"இப்பவே கட்டுனா அது நான் இல்ல. ஒரு ராத்திரி கெடக்கணும். போனு எங்கிட்ட இருக்கட்டும், காலையில தரேன்."

டீக்கடைக்காரர் கிளாசை எடுக்க வந்தார். குடிக்காத டீயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஜெயக்கொடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதாயிரமும், அதைத் திறக்கிற ஒரே விரலும் இப்போது ஒரே கையில் இருந்தன. திருடி என்று தானே பேர் வைத்தவளின் கை. ஆறு வருஷமும் அப்படித்தான் இருந்தது, அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரி," என்றாள்.

"இன்னொண்ணு. காசெல்லாம் வேணாம். ஆறு பேர் முன்னாடி சொன்னத அதே ஆறு பேர் முன்னாடி திருப்பி எடுக்கணும். உங்க பக்கமும் அப்படித்தான?"

அப்படித்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒருத்தியைத் திருடி என்று சபையில் சொன்னவள், இல்லை என்று அதே சபையில் சொன்னால்தான் அவிழும். தனியாகக் காலில் விழுந்தாலும் செல்லாது. முதுகு வரட்டும், சொல்றேன் என்றாள் ஜெயக்கொடி. எழுந்து போகும்போது, வராண்டாவுல யார்கிட்டடி அவ்வளவு பேசுன என்று கேட்டுவிட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. வேதவல்லி திரும்பிப் பார்க்காமல், காது டாக்டர்கிட்ட, எனக்கு வலது காது அடைஞ்சுக்கிட்டு வருது என்றாள்.

அன்றிரவு ஜெயக்கொடி தூங்கவில்லை. கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று சலோமியை இரண்டு தரம் எழுப்பிக் கேட்டாள். காலை ஆறு மணிக்கு வேதவல்லி குடோன் கேட்டில் நின்று போனைக் கொடுத்தாள். ஆர்டர் போயிருந்தது. ஆர்டர் விலைக்கு மேல் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கூட ஒரு வலித்தைலமும் சேர்ந்திருந்தது. சேர்க்காட்டி மெஷின் நம்பாதுக்கா என்று சொல்லிவிட்டு அவள் பணத்தை நீட்டினாள். தைலத்துக்கு.

முதுகு நாலாம் நாள் வந்தது. முதல் தேதி காலையில் ஜெயக்கொடி அதை மாட்டிக்கொண்டு லாரிக்குள் குனிந்தாள். யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவதுபோல் இருந்தது. சாயங்காலம் வலி குதிகால்வரை போகவில்லை, தொடையோடு நின்றுவிட்டது. ஞானவேல் அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். மகளுக்குக் கட்டணம் போனது.

ஆறு பேரிடம் சொல்ல ஒரு நாளும் அமையவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஷிப்டு ஒத்துவரவில்லை, ஒருத்தி ஊருக்குப் போயிருக்கிறாள். ஆனால் அமைந்தது. சலோமிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒரு ஞாயிறு மதியம் அறையில் பிரியாணி போட்டாள். ஆறு பேரும் இருந்தார்கள். வேதவல்லியையும் கூப்பிட்டிருந்தாள். வேதவல்லி கதவோரமாக, நல்ல காதைக் கொடுத்து உட்கார்ந்தாள். எல்லோரும் ஜெயக்கொடியைப் பார்த்தார்கள். சொன்னால் முதலில் தன்னிடம் பணம் இருந்ததைச் சொல்ல வேண்டும், பதுக்கினதைச் சொல்ல வேண்டும். ஆறு வாயில் ஒன்று வெளியே பேசினால் பேங்குக்குத் தெரியும், கார்டு போகும். இதெல்லாம் காரணம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"வேதா, சோறு போதுமா?"

"போதும்க்கா," என்றாள் வேதவல்லி. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் ஜெயக்கொடி படுத்துக்கொண்டே போனில் ஒரு செருப்பைத் தேடினாள். ஆறாம் நம்பர், பழுப்புக் கலர். நானூற்று ஐம்பது ரூபாய். ஐந்நூறுக்குள்தான் இருந்தது. கடையின் முகவரியைப் பார்த்தாள். குறைகளைப் படித்தாள். கூடையில் போட்டு ஒரு ராத்திரி விட்டாள். காலை ஐந்தரைக்கு எழுந்து கட்டப் போனாள்.

இப்போது முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. உங்களைப் போலவே நடித்து ஒருவர் உங்கள் கார்டைப் பயன்படுத்த முயன்றார். அவர் வாங்க முயன்ற பொருளை நீங்கள் ஒருபோதும் வாங்குவதில்லை. தடுத்துவிட்டோம். உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது.

வேதவல்லி திருடி இல்லை, அன்றைக்குக் கார்டைத் தொட்டது நான்தான். இந்த ஒரு வாக்கியத்தை ஆறு பேர் முன்னால் ஜெயக்கொடி சொல்ல வேண்டும். அது வேதவல்லிக்கு இன்னும் பாக்கி.